நவிரமலையும் சேயாறும்

அண்ணாமலையை வலம்வரும் அன்பர்கள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காஞ்சி சாலை பிரியும் இடத்தைக் கடந்தே செல்கின்றனர். அச்சாலையின் பெயர்ப்பலகையில் காணும் காஞ்சி, ஏகாம்பரநாதர் எழுந்தருளியுள்ள பெரிய காஞ்சிபுரம் அன்று. வடமேற்கே சேயாற்றங்கரையில் அமைந்த காஞ்சி என்னும் சிற்றூர் அது. அவ்வழியே செல்வோர்க்கு ஒருபுறம் அண்ணாமலையும், எதிரே சவ்வாது மலைத்தொடரும், அத்தொடருக்கு முன்னே தனித்து நிமிர்ந்து நிற்கும் பர்வதமலையும் காட்சி தரும். இம்மலைகளுக்கிடையே சேயாறு பாயும் நிலப்பகுதி, ஏரிகளும் வயல்களும் பழங்கோயில்களும் நிறைந்த மலையடிவாரப் பள்ளத்தாக்காகும்.

திருவண்ணாமலைக்கு வரும் சேவார்த்திகளுள் பெரும்பாலோர் தரிசனமும் கிரிவலமும் முடித்து ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆயினும் இப்பள்ளத்தாக்கு அண்ணாமலையார்க்கு அயலான இடமன்று. ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் வரும் ரதசப்தமி நன்னாளில் அண்ணாமலையார் திருவண்ணாமலையினின்றும் புறப்பட்டு, வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கலசபாக்கத்தில் சேயாற்றுக்கு எழுந்தருளுகின்றார். அங்கே திருமாமுடீசுவரரும் எழுந்தருள, ஆற்றில் தீர்த்தவாரி நடைபெறுகின்றது. ஆற்றங்கரைச் சிற்றூர்களின் மக்கள் வழிநெடுகிலும் இறைவனை வரவேற்று வணங்குகின்றனர். இறைவனே நாடிச் செல்லும் ஆற்றின் வரலாறும், அவ்வாற்றை அடுத்த மலையின் பெருமையும், அங்குச் செல்வோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கமும் இங்கே கூறப்படுகின்றன.

சேயாறு பிறந்த வரலாறு

கயிலையில் அன்னை உமாதேவி விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைப் பொத்த, உலகெல்லாம் இருளில் மூழ்கியது. அக்குற்றம் நீங்க அன்னை காஞ்சியில் தவமியற்றி, பின்னர் இறைவனின் இடப்பாகம் பெறும் பொருட்டுத் திருவண்ணாமலை நோக்கிப் புறப்பட்டாள். வழியில் ஓரிடத்தில் வாழையால் பந்தலிட்டு, மணலால் இலிங்கம் அமைத்துப் பூசிக்க விழைந்தாள். அவ்விடமே வாழைப்பந்தல் என வழங்கும் தலம். பூசைக்கு நீர் வேண்டுமென அன்னை நினைந்தபோது, இளைய குமாரனாகிய முருகப்பெருமான் மேற்கேயுள்ள மலைமீது வேலை எறிந்தார். மலை பிளந்து நீர் பெருக்கெடுத்தது.

ஆனால் அம்மலையில் அந்தணர் எழுவர் தவத்தில் இருந்தனர். வேல் பட்டு அவர்கள் மாய, பெருகிவந்த நீர் செந்நிறமாயிற்று என்று தலவரலாறு கூறும். முருகனாகிய சேய் உண்டாக்கியதால் சேயாறு என்றும், செந்நீராய்ப் பெருகியதால் செய்யாறு என்றும் பெயர் வழங்கலாயிற்று என்பர். அறியாது நேர்ந்த பழியேயாயினும் அது கழுவப்பட வேண்டியதாயிற்று. அதன்பொருட்டுச் சேயாற்றங்கரையில் காஞ்சி, கடலாடி, தென்மாதிமங்கலம், மாம்பாக்கம், எலத்தூர், பூண்டி, குருவிமலை ஆகிய ஏழு ஊர்களில் சிவாலயங்கள் அமைந்தன. இவை சப்த கரைகண்டத் தலங்கள் எனப்படும். இவற்றில் இறைவன் கரைகண்டீசுவரர் என்னும் திருநாமத்துடன் விளங்குகின்றார். இவ்வாறே மண்டகொளத்தூர், கரைப்பூண்டி, தென்பள்ளிப்பட்டு, பழங்கோயில், நார்த்தாம்பூண்டி, தாமரைப்பாக்கம், வாசுதேவம்பட்டு ஆகிய ஏழும் சப்த கைலாயத் தலங்கள் எனப் போற்றப்படுகின்றன.

இவ்வரலாற்றின் உட்கருத்து சிந்திக்கத்தக்கது. நன்மை கருதி எறிந்த வேலாயினும், மலையில் யார் இருக்கின்றனர் என்று நோக்காது எறிந்தமையால் பழி நேர்ந்தது. முருகப்பெருமானுக்கே அது விதியாயின், மலைக்குச் செல்லும் மானிடர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதை இவ்வாறு ஓடும் கரையெல்லாம் நிற்கும் கோயில்கள் நினைவூட்டுகின்றன.

சவ்வாது மலையில் தோன்றும் சேயாறு செங்கம், கலசபாக்கம் வழியே கிழக்கு நோக்கி ஓடி, ஆண்பனையைப் பெண்பனையாக்கத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடியருளிய திருவோத்தூரை அடைந்து, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாறு வெண்மணற் பரப்பாகவே கிடக்கும். மலையில் மழை பொழிந்தால் சிறிது நேரத்திலேயே கரை நிறைந்து ஓடும் இயல்பும் இதற்கு உண்டு.

சங்கப் புலவர் காட்டிய வழி

இப்பள்ளத்தாக்கிற்குத் தமிழில் மிகப் பழமையான வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாமே அது. கூத்தராற்றுப்படை என்றும் இந்நூல் பெயர்பெறும். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர் இதனை 583 அடிகளில் பாடியுள்ளார். பாட்டுடைத் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னன். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம் ஆகும். 1889ஆம் ஆண்டு டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது இந்நூலும் அச்சில் வெளிவந்தது.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையுற்று எதிரே வரும் கூத்தர் கூட்டத்தைக் கண்டு, நன்னனிடம் செல்லும் வழியைக் கூறுவதாக நூல் அமைந்துள்ளது. யாழும் முழவும் குழலும் கொம்பும் சுமந்து, சிறுவரும் முதியோரும் விறலியரும் உடன்வர, மலைகளைக் கடந்து செல்லும் கூட்டம் அது. அவர்கட்குக் கூறப்படும் செய்திகளுள் ஒன்று, நவிரம் என்னும் மலையில் உறையும் காரியுண்டிக் கடவுளின் பெருமை. காரி என்பது நஞ்சு. நஞ்சை உண்டவர் என்பதால் இப்பெயர் சிவபெருமானைக் குறிக்கும். நவிரமலை என அன்று போற்றப்பட்டதே இன்றைய பர்வதமலை என்பது அறிஞர் கருத்து. இங்கே சிவ வழிபாடு சங்க காலத்திலேயே சிறந்திருந்தது என்பதற்கு இந்நூல் சான்றாகின்றது.

மலையின் இனிமையை மட்டும் கூறி மயக்காமல், அதன் இடர்களையும் புலவர் ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது இந்நூலின் தனிச்சிறப்பு. பன்றிகளைப் பிடிக்க அமைத்த பொறிகள் பாதையில் இருக்கும். ஆதலின் இருள் நீங்கி விடிந்த பின்னரே நடக்க வேண்டும். பாம்பு உறையும் பள்ளங்கள் உண்டு. அவற்றைக் குறித்துக்கொண்டு, விறலியர் கைதொழ, பாதையினின்றும் சற்று விலகி வலமாகச் செல்ல வேண்டும். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் விரைந்து வரும். மரங்களின் மறைவில் ஒதுங்கிக் கடக்க வேண்டும். பாசி படிந்த நீர்நிலைகளின் ஓரம் வழுக்கும். கரையில் வேரூன்றிய நாணல் போன்றவற்றைப் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துச் செல்ல வேண்டும். இரவு வந்துவிட்டால் நடக்கலாகாது; சொந்த வீட்டிற்குள் புகுவதுபோலக் குகைகளில் தங்கிக்கொள்ளலாம்.

தெய்வங்கள் உறையும் இடங்களைக் கண்டால் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதையும் புலவர் கூறுகின்றார். இசைவாணர் ஆயினும் அங்கே வீணே வாத்தியங்களை முழக்கலாகாது. கைதொழுது அமைதியாகக் கடந்து செல்ல வேண்டும். எந்நேரமும் மழை பொழியும் வளமுடைய மலை அது என்று அதற்குக் காரணமும் கூறுகின்றார். இசையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு இவ்வறிவுரை கூறப்பட்டிருப்பது நினைந்து போற்றத்தக்கது. மலையில் கேட்க வேண்டிய ஒலிகள் வேறு பல உண்டு. அருவி வீழும் ஒலி, தினை குற்றுவோர் பாடும் ஒலி, தேன் எடுக்கும் குறவர் ஆரவாரம், யானையின் பிளிறல் எனப் பலவகை ஒலிகளைப் புலவர் அடுக்கிக் கூறுகின்றார். மலையை ஒரு யானையாகவும், அதனிடத்துப் பிறக்கும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டமையால் மலைபடுகடாம் என்னும் பெயர் இந்நூலுக்கு அமைந்தது.

வழிநெடுகக் கிடைக்கும் விருந்தும் கூறப்படுகின்றது. மலைவாழ் மக்கள் வந்தவர்களை உறவினராகவே கொண்டு தினைச்சோறு இடுவர். முல்லை நிலத்துக் கோவலர் பால் அளிப்பர். ஆற்றங்கரை உழவர் நெற்சோறு அளிப்பர். அறிமுகமற்றவர்க்கு ஊரே உணவளித்த நாடு இது. அதே சவ்வாது மலையில் இன்றும் மலைவாழ் மக்கள் சாமை பயிரிட்டும் தேன், புளி, கடுக்காய் முதலியன சேகரித்தும் வாழ்ந்து வருகின்றனர்.

செங்கமும் நடுகற்களும்

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் செங்கம் அமைந்துள்ளது. இங்குள்ள அருள்மிகு ரிஷபேசுவரர் திருக்கோயில் பழமையானது. இக்கோயிற் கல்வெட்டு ஒன்று நன்னனையும் மலைகடாம் என்னும் பாட்டையும் குறிப்பிடுவது தமிழ் இலக்கிய வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற செய்தியாகும். பாட்டு பாடப்பெற்றுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வூர் மக்கள் தம் தலைவனையும் அவன்மீது பாடிய பாட்டையும் மறவாது கல்லில் பொறித்தனர்.

வழியில் வீரர்களின் பெயர் பொறித்த கற்களைக் காண்பீர், அவற்றை வணங்கிச் செல்க என்று மலைபடுகடாம் கூத்தர்க்குக் கூறுகின்றது. அக்கூற்று கற்பனையன்று என்பதைச் செங்கம் வட்டாரம் மெய்ப்பித்துள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இப்பகுதியில் கண்டறிந்த நடுகற்களின் கல்வெட்டுகள் 1972ஆம் ஆண்டு செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளியிடப்பட்டன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு குறித்த, வட்டெழுத்தில் அமைந்த நடுகற்கள் இவற்றுள் பல. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் போரிலும், ஊரைக் காக்கும் போரிலும் உயிர்நீத்த எளிய வீரர்கட்கு எடுக்கப்பட்டவை இவை.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் உள்ளத்தை உருக்குவது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காத்துப் போரிட்டு மாண்டான். அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய், தலைவன் வீழ்ந்த பின்னும் ஓடாது நின்று, கள்வர் இருவரைக் கடித்துக் காத்தது. வீரனின் உருவத்துடன் நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டு, அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன் ஒரு சிற்றூர், நன்றி மறவாத ஓர் உயிரையும் நன்றியுடன் நினைத்திருக்கின்றது.

செங்கம், தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்னும் பெயரால் தெய்வமாக வழிபட்டு வருகின்றனர். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மரத்தடியிலும் நிற்கும் இக்கற்களைக் காணும் அன்பர்கள், அவற்றின்மேல் அமர்தலும், பெயர் எழுதுதலும், சுண்ணாம்போ வண்ணமோ பூசுதலும் கூடாது. எழுத்து ஒருமுறை சிதைந்தால் அவ்வீரனின் பெயர் மீண்டும் கிட்டாது.

பர்வதமலை

சேயாற்றுக்கு வடக்கே நிற்கும் பர்வதமலைக்கு நவிரமலை, தென்கயிலாயம், திரிசூலகிரி, சஞ்சீவிகிரி எனப் பல பெயர்கள் உண்டு. அநுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது விழுந்த ஒரு பகுதியே இது என்பது மக்கள் நம்பிக்கை. கயிலையினின்றும் வந்த சிவபெருமான் முதலில் இம்மலையில் திருவடி பதித்து, பின்னர் அண்ணாமலைக்கு எழுந்தருளினார் என்பதும் ஐதீகம். மலையுச்சியில் அருள்மிகு மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகை அம்மனும் எழுந்தருளியுள்ளனர். இங்குச் சேவார்த்திகள் தாமே இறைவனுக்கு அபிடேகமும் அருச்சனையும் செய்து வழிபடும் பேறு பெறுகின்றனர்.

தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய இரண்டு ஊர்களிலிருந்தும் மலைக்கு வழி உண்டு. தொடக்கத்தில் படிகளும், பின்னர்க் கற்கள் நிறைந்த காட்டுப் பாதையும், உச்சியை நெருங்க நெருங்கச் செங்குத்தான பாறைகளும் அமைந்துள்ளன. பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து அமைத்த கடப்பாறைப் படியும், சங்கிலியும், ஏணிப்படியும் துணைகொண்டே இறுதிப் பகுதியைக் கடக்க வேண்டும். ஏறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். உச்சியில் நிற்பவர்க்குத் தெற்கே அண்ணாமலையும், கீழே சேயாறும், ஏரிகளும் வயல்களும், மறுபுறம் அலையலையாய் விரியும் சவ்வாது மலைத்தொடரும் ஒருங்கே தோன்றும். கூத்தர்க்குப் புலவர் கூறிய நாடு முழுவதும் அங்கே கண்முன் நிற்கும்.

மலையேற இயலாத முதியோரும் உடல்நலம் குன்றியோரும் வருந்த வேண்டுவதில்லை. அடிவாரத்துக் கரைகண்டீசுவரர் திருக்கோயிலில் வழிபட்டு, மலையை நோக்கி வணங்குதலே போதுமானது. அண்ணாமலையைப் போன்றே பர்வதமலைக்கும் கிரிவலம் உண்டு. மார்கழி முதல் நாளில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வழியைத் திரளான அன்பர்கள் வலம் வருகின்றனர்.

மலை வேண்டும் ஒழுக்கம்

மலை தெய்வ வடிவமாதலின் அங்கு அச்சமில்லை என்று கருதுவோர் உண்டு. தெய்வ வடிவமாதலினாலேயே அதனிடம் பணிவும் விழிப்பும் வேண்டும் என்பது பெரியோர் கொள்கை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் திருவண்ணாமலையில் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் வீடு புதையுண்டு, குழந்தைகள் ஐவர் உள்ளிட்ட 7 பேர் உயிரிழந்தனர். ஈரமுற்ற மலையின் இயல்பு கருதி, அவ்வாண்டு கார்த்திகை மகாதீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை வழக்கம்போல் உச்சிக்குச் சென்றது; தீபம் ஏற்றப்பட்டது; அன்பர்கள் கீழே நின்று தொழுதனர். தரிசனத்தில் ஒரு குறையும் நேரவில்லை.

ஆதலின் பர்வதமலைக்கும் சவ்வாது மலைக்கும் செல்லும் அன்பர்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ள வேண்டும்.

மழை நாட்களில் மலையேறுதல் கூடாது. மேலே பெய்யும் மழையால் அடிவாரத்து ஓடைகள் திடீரெனப் பெருகும். வெள்ளம் செல்லும் ஓடையைக் கடக்க முயலாது, வடியும்வரை காத்திருத்தலே அறிவுடைமை. வனத்துறையும் திருக்கோயில் நிருவாகமும் அவ்வப்போது விதிக்கும் நேர வரையறையை மீறலாகாது. காலையில் விடிந்த பின்னர்ப் புறப்பட்டு, பொழுது சாயுமுன் இறங்குதல் நன்று. தனித்துச் செல்லாமல், ஒருவரை ஒருவர் காத்துச் செல்ல வேண்டும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளோர் மலையேறுதலைத் தவிர்க்க வேண்டும்.

குடிநீரையும் எளிய உணவையும் உடன்கொண்டு செல்ல வேண்டும். கொண்டு சென்ற பைகளையும் புட்டிகளையும் திரும்பக் கொண்டுவருதலும் வழிபாட்டின் ஒரு பகுதியே. கோடையில் சருகுகள் காய்ந்து கிடக்கும் காட்டில் வழியெங்கும் கற்பூரம் ஏற்றுதல் பெருந்தீக்குக் காரணமாகும். கற்பூரம் திருச்சந்நிதிக்கே உரியது. குரங்கு முதலிய விலங்குகளுக்கு உணவு இடுவதும், ஒலிபெருக்கிகளால் காட்டின் அமைதியைக் குலைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை புதியன அல்ல. விடிந்தபின் நடத்தல், வழுக்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் தாங்குதல், தெய்வத்தின் முன் வாத்தியத்தை அடக்குதல், பிற உயிர் உறையும் இடத்திற்கு விலகி வழிவிடுதல் ஆகிய அனைத்தும் பெருங்கௌசிகனார் அன்றே கூறியவை.

யாத்திரை செல்வோர்க்கு

ஒரே நாளில் இப்பள்ளத்தாக்கைக் காண விரும்புவோர், காலையில் செங்கம் ரிஷபேசுவரரை வழிபட்டு, பின்னர்க் காஞ்சி, கடலாடி, தென்மாதிமங்கலம் கரைகண்டீசுவரர் கோயில்களைத் தரிசித்து, மாலையில் கலசபாக்கம் திருமாமுடீசுவரரை வணங்கித் திருவண்ணாமலை திரும்பலாம். பர்வதமலை ஏற விரும்புவோர் அதற்கென ஒரு முழுநாளை ஒதுக்குதல் வேண்டும். தென்மாதிமங்கலத்திற்குத் திருவண்ணாமலை, போளூர் ஆகிய ஊர்களிலிருந்து செல்லலாம். சிற்றூர்க் கோயில்கள் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. காலை, மாலை வழிபாட்டு நேரங்களை ஊரில் கேட்டறிந்து செல்வது நலம். விளக்கிற்குச் சிறிது எண்ணெய் அளிப்பது அக்கோயில்களின் நித்திய பூசைக்குப் பெருந்துணையாகும். மழை ஓய்ந்து பசுமை மிகுந்திருக்கும் தை, மாசி மாதங்கள் இப்பயணத்திற்கு ஏற்றவை. ரதசப்தமி தீர்த்தவாரியும் அக்காலத்தே வருகின்றது.

வழி பிரியும் இடங்களில், பின்னே வருவோர் தவறான வழியிற் செல்லாதிருக்கும் பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுமாறு மலைபடுகடாம் கூத்தர்க்குக் கூறுகின்றது. முன்னே செல்பவன் தன் நலத்தை மட்டும் கருதாது, இன்னும் வந்து சேராதவனையும் கருத வேண்டும் என்னும் உயர்ந்த அறம் இது. இன்று இம்மலைக்குச் செல்லும் அன்பர் ஒவ்வொருவரும், சிதையாத நடுகல்லையும், தூய்மை கெடாத ஆற்றையும், தீப்படாத காட்டையும் பின்னே வரும் தலைமுறைக்கு விட்டுச் செல்வாராயின், அதுவே அவர் முடிந்து வைக்கும் புல்லாகும். காரியுண்டிக் கடவுளாகிய மல்லிகார்ச்சுனரும், சேயாற்றில் தீர்த்தவாரி கண்டருளும் அண்ணாமலையாரும் அத்தகைய அன்பர் அனைவர்க்கும் எல்லா நலன்களும் அருள்வாராக.